கட்டையை எடுத்த ‘நான்’

பாலையூற்று
12.05.2025

நிரோஷினி,

அன்புள்ள என்று தொடங்க வேண்டும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் அது நினைவிருக்கிறது. கை வரவில்லை. பெயரோடு விடுகிறேன்.

நீ எடுக்கும் ஃபோனுக்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை என்று உன் அம்மாவிடம் குறைப்பட்டாயாம். சொன்னால் நீ “பெரியம்மா, பெரியம்மா” என்று அழுவாய். உன் அழுகை என் தங்கச்சியின் அழுகை மாதிரியே இருக்கும். நான் கேட்க வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன். எழுத்தென்றால் அழாது.

வெள்ளிக்கிழமை துறைமுகத்தடிக்குப் போனேன். ஜனுஷனின் செருப்பும் சாப்பாட்டுப் பெட்டியும் தை மாதத்திலிருந்து அந்தப் படகு திருத்தும் யாட்டில்தான் கிடக்கின்றன. வாசல் கேற்றடியில் நிற்கிறேன். உள்ளே ஒருவன் ஏணியை ஒற்றைக் கையால் இழுக்கிறான். மற்றவன் கத்துகிறான்: “டேய், ஜனுஷன் வேலை பாக்காதை! செத்துப்போவாய்!”

எல்லோரும் சிரித்தார்கள். எல்லாம் புதுப் பெடியன்கள். என்னையும் தெரியாது, என் பிள்ளையையும் தெரியாது. மடவேலைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, என் பிள்ளையின் பெயரை வைத்துவிட்டார்கள்.

காவலுக்கு நிற்கும் அருளம்பலம் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: “அறிக்கையில அப்பிடித்தானே தங்கச்சி கிடக்கு.”

அந்த அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கி வந்தேன். பக்கத்து வீட்டு லக்சனா வாசித்துத் தமிழில் சொன்னாள். படகுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை இறந்தவரே எடுத்தாராம். படகு சரிந்து அவர் மேலேயே விழுந்ததாம். இதை அவருடைய தாயே விசாரணையில் சொன்னாராம்.

தாய் சொன்னாராம். நான்!

நான் சொன்னது, அந்த மனிதர் எடுத்தார் என்று. பெடியன்களை வேலை வாங்க மேலாள் என்று சம்பளம் வாங்கிக்கொண்டு நின்ற அந்த மனிதர். கொழும்பிலிருந்து விசாரிக்க வந்த, வெள்ளைச் சேட்டுப் போட்ட அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்றபோது, “வேற ஆள் என்னத்துக்கு, நிலாவெளியில எங்கட பிள்ளை இங்கிலீஸ் படிப்பிக்கிறாள்” என்று பெருமையடித்தவளும் நான்தான். என் வாயாலேயே உன்னைக் கூப்பிட்டு, என் பிள்ளையின் மேல் இரண்டாம் முறையும் படகைச் சரித்துவிட்டேன்.

நீ அவருக்கு என்ன சொன்னாய்? அந்த வரி அழிய வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

அருள்மலர்


நிலாவெளி
17.05.2025

பெரியம்மாவுக்கு,

கடைசியில் பெரியம்மா என்று போடாமல் பெயரை மட்டும் போட்டிருக்கிறீர்கள். நான் போடுகிறேன்.

ஜனுஷன் எனக்கும் தம்பிதான். அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத முடியும்.

அன்று நீங்கள் சொன்னது இதுதான். என் காதில் இன்னும் நிற்கிறது. “நான்தான் கட்டையை எடுத்தனான் எண்டு சொல்லுறார் எண்டு பிள்ளை சொன்னவன்.” யார் சொல்கிறார் என்று நீங்கள் பெயர் சொல்லவில்லை. எதிரில் இருந்த மேலாள் பக்கீரின் பக்கம் கையை மட்டும் காட்டினீர்கள்.

நான் அதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்லும்போது ஆங்கிலத்தில் ‘நான்’ அப்படியே நிற்காது. ‘அவன்’ ஆகிவிடும். இன்று என்பது அன்று ஆகும். நாளை என்பது அடுத்த நாள் ஆகும். வருவேன் என்பதும் ஒரு படி பின்னால் போகும். கூப்பிடுகிற பெயர், ஐயோ, அம்மா, இவையெல்லாம் விழுந்துவிடும். செய்தி மட்டும் மிஞ்சும். இதைப் பலகையில் எழுதிப்போட்டுத்தான் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன்.

அந்த முறைப்படித்தான் சொன்னேன். மேலாள் சொல்கிறார், ‘ஹீ’ கட்டையை எடுத்தார் என்று. அப்படி மகன் தாயிடம் சொன்னான். இலக்கணத்தில் பிழையே இல்லாத வாக்கியம். எந்தப் பரீட்சைக்காரரும் ஒரு புள்ளி வெட்ட முடியாது.

பிறகு பக்கீரிடம் தமிழில் கேட்டேன், “இந்த அம்மா சொன்னது சரியோ?” என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு “சரி” என்றார். நீங்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்.

உங்களுக்குக் கோபம் சாவின் மேல், பெரியம்மா. அதைப் பிடித்து அடிக்க ஏலாது. நான் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறேன்.

நிரோஷினி


பாலையூற்று
26.05.2025

நிரோஷினி,

உன் கடிதத்தை லக்சனாவிடம் கொடுக்கவில்லை. நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். மூன்று தரம் வாசித்தேன். பிழையே இல்லாத வாக்கியம் என்று எழுதியிருக்கிறாய். கறிக்குள் பல்லி விழுந்து கிடக்க, உப்புப் புளி அளவு என்கிறாய்.

நாளை என்பது அடுத்த நாள் ஆகுமா? அன்று விடிய வேலைக்குப் போகும்போது சைக்கிளில் ஏறிக்கொண்டே என் பிள்ளை சொன்னான்: “நாளைக்குக் கணவாய் கொண்டுவாறன் அம்மா. உறைப்பாக் கறி வையுங்கோ. போன முறை மாதிரிச் சொதியாக்கிப் போடாதேங்கோ.” இதை நீ இங்கிலீசில் என்னவென்று சொல்வாய்? அடுத்த நாள் கொண்டுவருவதாகச் சொன்னான் என்றா? அடுத்த நாள் வந்தது, நிரோஷினி. பெட்டியில் வந்தான். ‘நாளைக்கு’ என்று அவன் சொன்னது இன்னும் வரவில்லை. நீ அதை மாற்றலாம், உனக்கு முறை இருக்கிறது. எனக்கு அது அப்படியே நிற்கிறது.

கூப்பிடுகிற பெயரும் ஐயோவும் அம்மாவும் விழுந்துவிடுமாம். அவை போனால் பிறகு என்னடி மிஞ்சும்? போலீஸ்காரன் எழுதுகிற கதைதான் மிஞ்சும்.

பக்கீர் என்று நான் சொல்லவில்லை என்கிறாய். சொல்லவில்லைதான். அந்தப் பெயரை நான் வாயில் எடுப்பதில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்கு அந்த மனிதர் வந்து வாசலில் நின்றார். கேற்றைப் பூட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். விசாரணையில் கையைக் காட்டினேன். கண் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

இன்னொன்று. இத்தனை நாளும் குசினிக்குள் அடுப்படியில் இருந்து அதையே யோசித்தேன். நீ சொல்லி முடித்ததும் அந்த வெள்ளைச் சேட்டுக்காரர் பேனையைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் ஏதோ கேட்டார். சின்னக் கேள்வி. நீயும் உடனே ஏதோ சொன்னாய். சின்னப் பதில். அவர் எழுதினார். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் என்ன கேட்டார்?

அருள்மலர்


நிலாவெளி
01.06.2025

பெரியம்மா,

“யார் அந்த ஹீ?” என்று கேட்டார்.

நான் “மகன்” என்றேன்.

உங்களிடம் திரும்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நீளமான வாக்கியத்தைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் சொல்லி முடித்த சந்தோஷத்தில் இருந்தேன். சாவு வீட்டு விசாரணையில் சந்தோஷம். திரும்பிக் கேட்டால் எனக்கே விளங்கவில்லை என்று நினைப்பார்கள் என்று பயந்தேன். ஜனுஷன்தான் எடுத்தவன் என்று கம்பனிக்காரர் முதல் நாளே என்னிடம் கதைத்திருந்தார்கள். அது என் மண்டைக்குள் கிடந்தது. நீங்களும் அதைத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

திருத்தம் எழுதிக் கொடுக்கலாமா என்று கொழும்புக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேன். கொடுக்கலாமாம். ஆனால் எனக்குத் தோன்றியதை எழுத ஏலாது, உறுதியாகத் தெரிந்ததைத்தான் எழுத வேண்டுமாம்.

அதனால் கேட்கிறேன். கோபித்துக்கொண்டாவது பதில் சொல்லுங்கள். “நான்தான் எடுத்தனான் எண்டு சொல்லுறார்.” இந்த ‘நான்’ யார்? பக்கீர் தன்னைச் சொன்னாரா? அல்லது ஜனுஷன் எடுத்ததாக பக்கீர் குற்றம் சாட்டுகிறார் என்று ஜனுஷன் உங்களிடம் முறையிட்டானா? “நான் பொய் சொன்னனானாம், அவர் சொல்லுறார்” என்று நாம் கதைப்பதில்லையா? தமிழில் இரண்டு விதமாகவும் வருகிறது, பெரியம்மா. இலக்கணம் படித்த எனக்கே இப்போதுதான் உறைக்கிறது.

அன்றிரவு ஆசுப்பத்திரியில் அவன் சொன்னதை அப்படியே எழுதுங்கள். திருத்த வேண்டாம். ஐயோ, அம்மா, இருமல், எல்லாவற்றையும் எழுதுங்கள்.

நிரோஷினி


பாலையூற்று
22.06.2025

நிரோஷினி,

மூன்று கிழமை எழுதாமல் இருந்ததற்கு நீதான் காரணம். உன் கேள்வி என்னைத் தின்றுவிட்டது.

இதுவரைக்கும் எனக்கு ஐமிச்சம், சந்தேகம் ஒன்றும் இருக்கவில்லை. உன்னைத் திட்டலாம், கம்பனியைத் திட்டலாம், அந்த மனிதரைத் திட்டலாம். என் பிள்ளை சுத்தம். இப்போது இரவில் அந்த வசனத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். ஒருக்கால் சொன்னால் அந்த மனிதர் எடுத்தார். மற்றொருக்கால் சொன்னால் என் பிள்ளை எடுத்தான். அந்தோனியார் கோயிலில் திரி கொளுத்திப்போட்டு நின்றும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற மனிசி நான் செபம் சொல்கிறேன் என்று நினைத்து “ஆமென்” என்றாள்.

சரி, கேள். நான் போகும்போது கட்டிலில் கிடந்தான். நெஞ்சுவரைக்கும் துணி. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. என்னைக் கண்டதும், “அம்மா, கத்தாதேங்கோ, மற்ற ஆக்கள் படுத்திருக்கினம்” என்றான். அதுதான் முதல் சொன்னது. பிறகு தண்ணீர் கேட்டான். தியேட்டருக்குக் கொண்டுபோகப் போகிறார்கள், வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது என்று நேர்ஸ் சொல்லிவிட்டாள். பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தேன். “இது காணாது அம்மா” என்றான்.

பிறகு அந்த மனிதர் வந்துபோன கதையைச் சொன்னான். “பக்கீர் காக்கா வந்தவர் அம்மா. காலடியில நிண்டு அழுறார். ‘நான்தான் வாப்பா கட்டைய எடுத்த, நான்தான் வாப்பா கட்டைய எடுத்த’ எண்டு சொல்லுறார்.” இரண்டு தரம் சொன்னான். அவருடைய குரல் மாதிரியே சொன்னான். உனக்குத் தெரியும்தானே, ஆரைக் கண்டாலும் அவர்கள் மாதிரிக் கதைத்துக் காட்டுவான். அந்த நேரத்திலும் காட்டினான். பிறகு தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

விசாரணையில் அந்த வாப்பாவை நான் சொல்லவில்லை. வேண்டுமென்றுதான் விட்டேன். உன் பெரியப்பா றொபேட் கடலில் செத்துப்போகும்போது ஜனுஷனுக்கு நாலு வயது. ஆண் துணை இல்லாமல் ஒற்றையாய் வளர்த்தேன். அந்த மனிதர் வேலை கொடுத்தார், வேலை பழக்கினார், நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினார், எல்லாம் சரி. அதற்காக “நான்தான் வாப்பா” என்று செத்துக்கொண்டிருக்கிற பிள்ளையிடம் உரிமை கொண்டாடுவதா? கொன்றுபோட்டுத் தகப்பன் வேஷமா? அதை அவர் முகத்துக்கு முன்னால், அத்தனை பேருக்கும் நடுவில், என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விழுங்கிவிட்டேன்.

நீ கேட்டபடி இருமலையும் எழுத வேண்டுமென்றால், அவன் இருமவில்லை. இருமப் பயந்தான்.

ஆர் எடுத்தது, பிள்ளை? உனக்கு விளங்கினால் சொல்லு. என் பிள்ளைதான் எடுத்தான் என்றாலும் சொல்லு.

பெரியம்மா


நிலாவெளி
29.06.2025

பெரியம்மா,

ஜனுஷன் எடுக்கவில்லை. முதலில் அதை வாசியுங்கள். வாசித்துவிட்டு உட்காருங்கள்.

நீங்கள் விழுங்கிய அந்தச் சொல்தான் பதில். “நான்தான் வாப்பா” என்று அவர் தகப்பன் உரிமை கொண்டாடவில்லை. பக்கீரின் ஊரான கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் பெரியவர்கள் ஒரு பெடியனை ஆசையாகக் கூப்பிடுகிற விதம் அது. ஜனுஷனை நீங்கள் “அப்பன், சாப்பிட வா” என்று கூப்பிடவில்லையா? அவனா உங்களுக்கு அப்பன்? அதேதான். “நான்தான், ராசா, கட்டையை எடுத்தேன்.” அவ்வளவுதான் அவர் சொன்னது. ஜனுஷன் அவரை அண்ணன் முறையில் காக்கா என்பான், ஒருவரையும் வாப்பா என்று கூப்பிடுகிறவன் இல்லை. அவனை வாப்பா என்று கூப்பிட்டவர்தான் அந்த ‘நான்’.

நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் நான் பிழை விட்டிருக்க மாட்டேன் என்று எழுத நினைத்தேன். பிறகு யோசித்தேன். சொல்லியிருந்தாலும் கூப்பிடும் சொல் என்று நானே வெட்டி எறிந்திருப்பேன்.

இதோடு நிற்கவில்லை. நேற்றுக் கிண்ணியாவுக்குப் போனேன். பக்கீரின் மனைவி ஸாலிஹா என்னைக் கண்டதும் உள்ளே இருந்த கதிரையைத் தூக்கி வந்து போட்டுவிட்டு அழத் தொடங்கிவிட்டார். பக்கீர் வந்து நிலத்தில் குந்தினார். மெலிந்துபோனார், பெரியம்மா. “கட்டையை எடுத்தது ஆர்?” என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“என்ன மகள் புதுசாக் கேக்கிறீங்க? நான்தான். படக அண்டைக்கே தண்ணில இறக்கணும்ண்டு மெனேஜர் நெருப்பா நிண்டார். கீழ ஆள் இல்லண்டு நெனச்சி எடுத்தேன். புள்ள படகுக்கு அடியில பூந்து ஒட்டின சிப்பி சொறண்டிக்கிட்டு இருந்திருக்கி. நான் அத விசாரணையிலயே ஒத்துக்கிட்ட தானே? அந்தத் தாய் சொன்னாங்க, நான் ஆசுப்பத்திரில சொன்னத. நீங்க ‘சரியோ’ண்டு கேட்டீங்க. ‘சரி’ண்டு சொன்னேன். பொறகு ஏன் என்னய ஒருத்தரும் ஒண்டும் செய்யல்லண்டு இண்டைக்கி வரைக்கும் யோசிச்சிக்கிட்டு இரிக்கன்.”

உங்கள் தமிழ் அவருக்குச் சரியாகவே விளங்கியிருக்கிறது. தன் குற்றத்தை எல்லோருக்கும் முன்னால் ஏற்றுக்கொண்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த மேசையில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. நான் மட்டும் மொழிபெயர்த்தேன்.

திருத்தத்தை எழுதி அனுப்பிவிட்டேன். இந்த முறை ஒன்றையும் மாற்றவில்லை. மேற்கோள் குறி போட்டு, வாப்பா என்றதை வாப்பா என்றே போட்டு, கீழே விளக்கம் எழுதினேன். பக்கீரும் தன் கையெழுத்தில் ஒரு கடிதம் வைத்தார்.

உங்களிடம் வரலாமா?

நிரோஷினி


பாலையூற்று
27.07.2025

நிரோஷினி,

உன் திருத்தம் வந்துவிட்டது. அறிக்கையின் பின்னால் கடைசித் தாளாக ஊசி அடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். முன்னால் இருக்கிற வரியை அழிக்கவில்லை, அழிக்க ஏலாதாம். வாசிக்கிறவன் கடைசித் தாள்வரைக்கும் வந்தால் என் பிள்ளை சுத்தம். வராவிட்டால் இல்லை.

அந்த மனிதரை வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள். நெருப்பாய் நின்ற மெனேஜர் கதிரையில்தான் இருக்கிறார். செய்தி கேட்ட அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மத்தியானம் சோறு வடிக்க மறந்து குழைந்துபோனதுதான் மிச்சம்.

செருப்பை எடுக்கத் திரும்பவும் யாட்டுக்குப் போனேன். கேற்றில் புது அறிவித்தல் ஒட்டியிருந்தது, விசாரணை திருத்தப்பட்டது என்று. அதற்குக் கீழே நின்று ஒருவன் மற்றவனுக்குச் சொல்கிறான்: “கயித்தைப் பிடியடா, ஜனுஷன் வேலை பாக்காதை.” நான் கிட்டப் போய், “தம்பி, ஜனுஷன் ஆரெண்டு தெரியுமோ?” என்று கேட்டேன். “அது ஆளில்லை அம்மா, அது சும்மா சொல்லுறது” என்றான். நல்ல பிள்ளைதான். எனக்கு முக்காலி எடுத்துப் போட்டான். கடதாசிக்குப் பின்னால் ஊசி அடிக்கலாம். வாய்க்குப் பின்னால் எதை அடிக்கிறது?

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். கிண்ணியாவில் இருந்து அந்த மனிதர் வந்தார். பக்கீர் வந்தார். கேற்றுக்கு வெளியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கூப்பிடவும் இல்லை, தட்டவும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டு போனது. நான் போய்க் கேற்றுக்கு உள்ளே நின்றேன்.

“சொல்லுங்கோ” என்றேன். “ஆரும் சொல்லி நான் கேக்கத் தேவையில்லை. நீங்கள் உங்கட வாயால சொல்லுங்கோ.”

“நான்தான் எடுத்தேன்” என்றார்.

“பிள்ளைக்குச் சொன்ன மாதிரிச் சொல்லுங்கோ.”

“நான்தான் வாப்பா கட்டைய எடுத்த” என்றார். என் பிள்ளை கட்டிலில் கிடந்து சொல்லிக் காட்டினானே, எழுத்துக்கு எழுத்து அதே குரல். ஒரு நிமிஷம் எனக்கு ஆர் கதைக்கிறது என்றே தெரியவில்லை.

நீ உன் அம்மாவுக்குச் சொல்லுவாய். அவள் ஊருக்குச் சொல்லுவாள். பெரியம்மா பக்கீரை மன்னித்துவிட்டதாகச் சொன்னார் என்று கதை போகும். நான் அப்படிச் சொல்லவில்லை. மன்னிப்பு என்ற சொல் என் வாயில் வரவே இல்லை. அவரும் கேட்கவில்லை. எனக்கு வயிறு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது, அவரைக் கண்டாலும் எரியும், உன்னைக் கண்டாலும் எரியும். நீ வரலாமா என்று கேட்டாய். கேற்றைப் பூட்டுகிறதை விட்டுவிட்டேன். அதற்குமேல் என்னிடம் ஒன்றும் கேட்காதே.

நான் சொன்னதை எழுதுகிறேன். ஆரும் கேட்டால் இதை மட்டும் சொல்லு. ஒரு சொல்லும் மாற்றாதே. கேற்றைத் திறந்துவிட்டு நான் சொன்னது:

“வெயிலுக்க நிக்கிறியள். தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

பெரியம்மா